அன்பியத் தலைவியின் கையெழுத்து

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் இருபத்தைந்து வீடுகள் கூடி ஜெபிக்கும் குழு எங்கள் அன்பியம். அதன் தலைவி ஏரியில் கையால் நண்டு பிடிப்பவர், விரலெல்லாம் தழும்பு. முந்தானையை இறுகச் செருகிய பிறகே ஜெபம் தொடங்குவார்.

தன் மகள் கல்யாணத்துக்காக, அன்பியத்துக்கு ஒழுங்காக வரும் குடும்பம் என்று அவரிடம் கையெழுத்து கேட்டுப் பங்குப் பேரவைச் செயலாளர் வந்தார். அது இல்லாமல் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க மாட்டார்கள்.

"அன்பியத்துக்கு வர்லனு எம் புருஷனுக்குச் சாவு மணி அடிக்க வாணாம்னியே, நீ எத்தினி வாட்டி வந்த?"

"பழச உடுக்கா."

"எல்லாரும் பாக்க அவரு படத்தாண்ட முட்டி போட்டு ஜெபமாலை சொல்லு. அப்பால போடறேன்."

செயலாளர் அன்பியக் கூட்டத்தின் நடுவே முட்டி போட்டுச் சொன்னார். குரல் தாழ்ந்தபோதெல்லாம் தலைவி, "சத்தமா. அவருக்குக் கேக்கணும்" என்றார்.

பிறகு கையெழுத்திட்டார். அன்பியக் குறிப்பேடு எழுதுவது என் வேலை; அதில் 'ஜெபம் நன்றாக நடந்தது' என்று எழுதினேன். அது பொய்யா என்று இன்றும் தெரியவில்லை.