வடிகால் மட்டம் கேட்கும் ஹஃப்ஸா

தோள்பையைக் கழற்றுவதற்குள் ஹஃப்ஸாவின் வலது கை கீபோர்டுக்குப் போய்விடுகிறது. கருந்திரையில் ‘கர்ல்’ என்று தட்டி, அதையடுத்து ஒரு முகவரி. என்டர். வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள் விழுகின்றன. அவற்றைப் படித்த பிறகுதான் பை இறங்கும், மின்விசிறி சுற்றும்.

திருவாரூருக்குக் கிழக்கே ஓர் உழவர் சங்கத்தில் அவருக்குக் கணினி வேலை. வடிகாலில் பொருத்தியிருக்கும் கருவி மணிக்கொருமுறை நீர்மட்டத்தை சர்வருக்கு அனுப்பும். மற்றவர்கள் அதைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். “அதுல படம், கலரு எல்லாம் இருக்கும் சார். எனக்கு சர்வர் என்ன சொல்லுதுன்னு நேரா தெரியணும்” என்கிறார் ஹஃப்ஸா. கர்ல் என்ற கட்டளை சர்வரில் இருப்பதை அப்படியே கொண்டுவந்து போட்டுவிடும், இணையப் பக்கத்தில் இல்லாத, தகவல் வந்த தேதி, நேரம் உட்பட.

டீயை நன்றாக ஆறவிட்டுக் குடிப்பார். கட்டளையில் ஒரு புள்ளி தப்பினால் “லூசு” என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

போன கார்த்திகை மழையில், மாமா மகள் நிக்காஹுக்கு நாகூர் போய் மூன்று நாள் கழித்து வந்தார். இணையப் பக்கத்தில் நீர்மட்டம் மூன்றடி. கர்ல் காட்டிய தேதியோ முந்தாநாள். கருவி நின்றுபோய், பழைய எண்ணே அப்படியே நின்றிருந்தது. நாலடி தாண்டினால் வயல் மதகுகளை அடைத்தாக வேண்டும். இல்லையென்றால் வடிகால் தண்ணீர் எதிர்த்து வயலுக்குள் ஏறும். மதகு பார்க்கும் துரைக்கண்ணுவுக்கு உடனே போன் போட்டார்.

“அண்ணே, பக்கத்தை நம்பாதீங்க. போயி கண்ணால பாருங்க.”

ஐந்தடி. துரைக்கண்ணு ஓடி ஓடி அடைத்ததில் நாற்பது ஏக்கர் சம்பா தப்பியது. கடைசி மதகடியில், பெரியவர் இராஜாங்கத்தின் மூன்று ஏக்கர் அதற்குள் மூழ்கிவிட்டது. பயிர் அழுகிப்போனது.

யாரும் ஹஃப்ஸாவைக் குறை சொல்லவில்லை. “நீ என்னம்மா பண்ணுவ, கல்யாணத்துக்குப் போகாம இருக்க முடியுமா?” என்றார் இராஜாங்கமே.

“போன்லேயே ஒரு தடவ தட்டிப் பாத்திருக்கலாம் சார். அஞ்சு செகண்டு வேலை” என்று என்னிடம் சொன்னபோது, ஹஃப்ஸா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் புதுத் தகவல் வராவிட்டால் எல்லோர் போனும் அடிக்கும்படி இப்போது எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் காலையில் தன் கையால் தட்டாமல் இருப்பதில்லை.

நான் போயிருந்த அன்று இராஜாங்கம் வந்தார். “வடிகால்ல எவ்வளவும்மா?”

ஹஃப்ஸா திரையை அவர் பக்கம் திருப்பி, தேதி வரியின் கீழ் விரலை வைத்தார். பெரியவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.