மிச்சம் பிடித்த மருந்து

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுத்து வளர்ந்த பெத்தம்மாளுக்கு இரண்டு குணம். எதையும் லேசில் நம்பமாட்டாள். நம்பிவிட்டால் யார் சொன்னாலும் விடமாட்டாள். அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவளை 1975-ல் மூன்று மாதப் பயிற்சிக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் டாக்டர் ராஜகுருவின் மேஜையில் ஒரு கட்டுரையை வைத்தாள். புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலி வந்தபிறகு மார்ஃபின் கொடுத்தால் போதாது, அது தலைகாட்டும் முன்பே நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்று நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த வெளிநாட்டு டாக்டர்கள் அதில் எழுதியிருந்தார்கள்.

டாக்டர் நல்லவர், ஆனால் பயந்தவர். பழக்கமாகிவிடும் என்றார். அவள் விடாமல் நச்சரித்தாள். கடைசியில் ஒரே ஒரு நோயாளிக்கு, பத்து நாள் கொடுத்துப் பார்க்கலாம், பலன் தெரியாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

அந்த நோயாளி நெசவாளி சௌடையாவின் மனைவி சௌடம்மாள். மார்பில் வந்த நோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. வலியில் ஆறு மாதமாகத் தலையில் சீப்புப் படவே விடவில்லை. வீட்டில் கடிகாரம் கிடையாது. ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் ஊதும் மில் சங்கு கேட்டால் ஒரு மூடி மருந்து, படுக்கும்போது கொஞ்சம் கூடுதல் என்று பெத்தம்மாள் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்று நாள் சௌடம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள். ஐந்தாம் நாள் பெத்தம்மாள் போனபோது வாசலுக்கே முனகல் கேட்டது. டாக்டர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனாள். பிறகு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ஐந்து நாளைக்கென்று கொடுத்த மருந்து பாதிகூடக் குறையவில்லை.

அதட்டவும் சௌடையா உள்ளதைச் சொன்னார். மனைவியின் முகம் தெளிவாக இருந்த வேளைகளிலெல்லாம் மருந்தை நிறுத்தி, பொல்லாத நாளைக்கென்று மிச்சம் பிடித்திருக்கிறார். கம்மாய்த் தண்ணீரை அளந்து அளந்து திறக்கிற சீமையில் பிறந்த மனுஷன், வேறு என்ன செய்வார்? திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. பாவமாக இருந்தது.

வெளியே தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, பாவுக்குக் கஞ்சி எப்பப் போடுவீக? இழை அத்துப்போன பெறகா?"

"அத்த பெறகு போட்டு என்ன செய்ய நர்சம்மா? அறாம இருக்கத்தான போடுறோம்."

"இந்த மருந்தும் அப்படித்தான்."

சௌடையா உள்ளே போய் ஒரு மூடி ஊற்றி மனைவிக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு சங்கையும் தவறவிடவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் நேரில் வந்தார். சௌடம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, சௌடையா அவள் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டர், நரிக்குடியிலிருந்து வந்திருந்த இன்னொருவருக்கும் அந்த மருந்தை எழுதினார். பெத்தம்மாள் அதற்குப்பிறகு எத்தனையோ வீடு ஏறி இறங்கினாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாட்டிலைத்தான் தூக்கிப் பார்ப்பாள்.

சௌடம்மாள் இன்னும் ஐம்பது நாள் இருந்தாள். காரியம் முடிந்து பெத்தம்மாள் துக்கம் கேட்கப் போனபோது மத்தியானச் சங்கு ஊதியது. சௌடையா பழக்கதோஷத்தில் எழுந்துபோய் மாடத்தில் இருந்த பாட்டிலை எடுத்தார். பிறகு நினைவு வந்து, அதைப் பெத்தம்மாளிடம் நீட்டினார். பாட்டில் காலி.

"ஒரு சொட்டு மிச்சம் பிடிக்கல நர்சம்மா" என்றார்.