சீனிப் படத்தின் முன் மங்கை அக்கா

மங்கை அக்காவின் தங்கை லண்டன் டூட்டிங்கிலிருந்து அழைத்தபோது, நான் ஞாயிற்றுச் சந்தைக்காகப் படங்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா" என்றார். அந்தச் சாவுச் செய்திக்கு "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு, மீதிப் படங்களையும் ஏற்றி முடித்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

சந்தையில் எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். பிரான்சுப் பள்ளிக்கூடச் சுவர்களில் முன்பு தொங்கிய பெரிய வண்ணப் படங்களை நாங்கள் இருவரும் விற்றோம். கோதுமை பாண் ரொட்டியாக மாறுவது, பால் வெண்ணெயாவது, பீட் கிழங்கு சீனியாவது எல்லாம் அவற்றில் இருக்கும். பிராங்க் போய் யூரோ வந்த காலத்தில் அக்கா பாரிசிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது கொண்டுவந்தவை.

ஒரு மழை நாள். காலையிலிருந்து ஒன்றும் விற்கவில்லை. கஃபே திறக்கவிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீனிப் படத்தின் முன் நின்றார். வயலில் கிழங்கு பிடுங்கும் பெண்கள், பின்னால் ஆலை. "எவ்வளவு சந்தோஷமான வாழ்க்கை!" என்றார். அக்கா தன் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: "விசா இல்லாத காலத்தில் நான் இந்த வேலைதான் செய்தேன். முழங்கால் வரை சேறு. முதுகு நிமிராது." வந்தவர் சங்கடத்துடன் நகர்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏனக்கா வாற ஆளையும் கலைக்கிறியள்?"

"படத்தை வடிவாப் பார். அதிலை ஒருத்தரும் களைக்கேல்லை. விக்கிறதெண்டால் விப்பம். சந்தோஷமெண்டு தலையாட்ட என்னாலை ஏலாது."

அந்தப் படம் அதன்பின் நெடுநாள் விலைபோகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏற்றி இறக்கினோம். நோய் வந்து அவர் வராமல் போனபின் நான் தனியாக ஏற்றி இறக்கினேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தேன்.

"களைச்சுப் போனாய்" என்றார்.

"இல்லையக்கா."

"என்னட்டை ஏன் பொய்? இதிலை தலையை வை" என்று கால்களை ஒடுக்கி இடம்விட்டார். கதிரையில் உட்கார்ந்தபடியே கட்டிலில் தலை சாய்த்தேன். விழித்தபோது அவருடைய சாப்பாடு தட்டில் ஆறிக் கிடந்தது. கால்களை அசைத்தால் நான் எழும்பிவிடுவேன் என்று அவர் அப்படியே இருந்திருக்கிறார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நித்திரைதான். இந்த ஊருக்கு வந்தபின், ஒருவர் காவலிருக்க நான் நித்திரை கொண்டது அன்று மட்டும்தான்.