படத்தின் ஓரத்தில் அம்மா

எட்டு மாடி மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டும் அவரை டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் 'சோப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு வயதில் ஒரே ஒரு படத்தில் நடித்ததன் பலன். குடும்பத்தோடு பார்க்கும் சிரிப்புப் படம் அது. அவர் இனத்துப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் எப்படிக் காட்டுவார்களோ அப்படியே, முழியை உருட்டிக்கொண்டு, நிழலைக் கண்டு அலறும் எடுபிடி வேடம். இருந்த நிறம் போதாதென்று மேலே மையும் பூசினார்கள். வீட்டுக்காரம்மா அவரைத் தொட்டியில் உட்கார வைத்துத் தேய்ப்பாள். "அம்மா, வெளுத்துட்டேனா?" என்பான் பையன். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

"என்ன சோப்பு, வெளுத்துட்டியா?" என்று முப்பது வருஷமாக லிஃப்டில் ஏறியவர்கள் கேட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் எங்கே ஓடுவது? பல்லைக் காட்டிவிட்டு, "எத்தனாவது மாடி சார்?" என்பார்.

திடீரென்று படக் கம்பெனி அறிவித்தது: ஓர் இனத்தையே கேவலப்படுத்தும் காட்சிகள் இருப்பதால் அந்தப் படத்தை இனி எங்கும் காட்டப்போவதில்லை.

"ஒழிஞ்சது பீடை!" என்று மகள் துள்ளினாள். லிஃப்டிலோ, "படத்தை நிறுத்தச் சொல்லி நீதான் மனு போட்டியாமே? பிள்ளைங்க பாத்துச் சிரிச்ச படம்யா அது" என்று கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பத்திரிகைக்காரர் அவரைப் போனில் பிடித்தார். "சந்தோஷமா, வருத்தமா? ஒரே வார்த்தை சொல்லுங்க." சந்தோஷம் என்றால் பொய், வருத்தம் என்றால் அசிங்கம். அவர் போனை வைத்துவிட்டார்.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் குடைந்த குடைச்சலில்தான் வாயைத் திறந்தார்.

"தொட்டிக்குப் பின்னாடி குடத்தோட ஒருத்தி நிப்பாளே, அது எங்கம்மாடா. ஆள் குறையுதுன்னு நிக்க வச்சாங்க. ரெண்டே வருஷத்துல காய்ச்சல்ல போயிட்டா. வீட்டுல ஒரு போட்டோ கிடையாது."

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் வாசலிலேயே நிற்கும் அப்பா, தொட்டிக் காட்சிக்கு மட்டும் உள்ளே வருவார். தன்னையே ரசிக்கிறார் என்று மனசுக்குள் அவரைத் திட்டியிருக்கிறாள்.

அந்தக் காட்சியை மட்டுமாவது தரச் சொல்லி அவள் படக் கம்பெனிக்கு எழுதினாள். இரண்டு முறை கைவிரித்தார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: துண்டு வெட்டித் தர முடியாது, வேண்டுமானால் நேரில் வந்து ஒரு தடவை பார்க்கலாம்.

இருவரும் போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. கம்பெனி அதிகாரியம்மா ஒருத்தி தொட்டிக் காட்சியை ஓடவிட்டாள்.

"பாத்தியா?" என்றார் அவர்.

"பாத்தேன்ப்பா. கண்ணுல சோப்பு போயி நீங்க நெஜமாவே அழறீங்க. யாருமே நிறுத்தலையே!"

"என்னை எதுக்குப் பாத்தே? அம்மாவைப் பாரு!"

மறுபடி ஓடியது. அம்மா முகத்திலும் மை. கண் மட்டும்தான் அவளுடையது. டிவியில் அவள் கல்லாக நிற்பாள். 'ஏம்மா சும்மா நின்னே?' என்ற கேள்வி இத்தனை வருஷமும் அவருக்குள் கிடந்தது. இங்கே பையன் வீறிட்டதும் அவள் கால் ஓரடி முன்னே வருகிறது. குடத்துத் தண்ணீர் தளும்புகிறது. திரையின் ஓரத்திலிருந்து யாருடைய கையோ நீண்டு அவள் முழங்கையைப் பிடித்து இழுக்கிறது. அவள் நின்றுவிடுகிறாள்.

"டிவிக்கு நாலு ஓரத்தையும் வெட்டிடுவாங்க சார். இதுதான் முழுசு" என்றாள் அதிகாரியம்மா.

அவர் நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. மகள் மெல்ல அவர் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது அதிகாரியம்மா ஒரு தாளை நீட்டினாள். படத்தை மறுபடி வெளியிடலாமா என்று நடித்தவர்களிடமும் கருத்துக் கேட்கிறார்களாம்.

"வேண்டாம்னு எழுதினா, நான் மட்டும் இங்கே வந்து பாக்கலாமா? வருஷத்துக்கு ஒரு தடவை?" என்றார் அவர்.

"ஒரே தடவைதான் சார். விதி அப்படி."

அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்பா, அப்போ உங்கம்மா?" என்றாள் மகள்.

"தெரியும்டா" என்றார். "இன்னொரு பிள்ளையை யாரும் 'வெளுத்துட்டியா'ன்னு கேக்க வேணாம்."