ஒருத்தரும் வரலியா?

திருப்பதிக்கு வருகிறவர்கள் மலைக்குத்தான் வருகிறார்கள். ரத்னம்மாவின் வீட்டுக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.

குப்பத்தை அடுத்த சாந்திபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி, பலமநேர், சித்தூர் எல்லாம் தாண்டி வந்து இறங்குவார்கள். கையில் ஸ்கேன் கவர், மாற்றுத்துணி, ஊர்ச் சபை பாஸ்டர் தெலுங்கில் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. ‘இவர் நம் சபை விசுவாசி. அன்பு காட்டவும்.’ அதற்குமேல் அதில் ஒன்றும் இருக்காது. அந்தச் சீட்டைக் காட்டினால் வெளியூரில் ஏதாவது ஒரு விசுவாசி வீட்டில் படுக்க இடம் கிடைக்கும் என்பது அந்தச் சபைகளின் வழக்கம். ரத்னம்மா முதலில் சோறு போடுவாள். அவர்கள் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான், “எங்க, சீட்ட குடு” என்பாள். சிலரிடம் சீட்டே இருக்காது. சாப்பிட்ட பிறகு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவளும் சாந்திபுரத்துக்காரிதான். கூலிக்குக் களை எடுத்த குடும்பம். பத்தொன்பது வயதில் பஸ் டிப்போ மெக்கானிக் முனிசாமிக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பதிக்கு வந்தாள். இரண்டு அறை வீடு. பிறகு மூன்று ஆயிற்று. மூன்றாவது அறை கட்டியதே வருகிறவர்களுக்காக. அதில் நான்கு பாய்கள், ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு வசன அட்டை. பாய்களை வாரம் ஒருமுறை டெட்டால் விட்டுக் கழுவி மாடிச் சுவரில் போடுவாள். நோயாளிக்கு வெந்நீர், கூட வந்தவர்களுக்குக் காப்பி. எத்தனை பேர் வந்தாலும் தட்டு ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. விருந்தாளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கிடையாது.

“நம்ம வூடு இன்னா பஸ் ஸ்டாண்டா?” என்று முனிசாமி ஒரு நாள் கத்தினார்.

“பஸ் ஸ்டாண்டுல சும்மா யாரு சோறு போடறா?” என்றாள் அவள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூச்சப்பட்டுச் சாப்பிடுகிறவர்களை விடமாட்டாள். “இன்னாயா, கோழி கொத்தற மாதிரி துன்ற? டாக்டர் பத்தரைக்கு மேலதான் வருவாரு. குந்தி நல்லா துன்னு.” ஜெபம் மட்டும் சின்னது. “ஆண்டவரே, இவன் வயித்துல கட்டி கீதாம். பாத்துக்க. ஆமென்.” இவ்வளவுதான். சபையில் அரைமணி நேரம் ஜெபிக்கிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அடுப்பில் ஒன்றும் வைத்திருக்க மாட்டார்களோ என்று.

ஒரே மகள் ரூபா. சத்தியவேடு பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அழுத்தமானி, வெப்பமானி, தராசு. கருவி காட்டுகிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது, எவ்வளவு பிழை இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் தொழில்.

முனிசாமி இறந்து ஐந்தாவது வருடம் ரத்னம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ரூபா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது சுற்று மருந்துக்குப் பிறகு வெள்ளையணு எண்ணிக்கை எண்ணூறுக்கு இறங்கியது.

“கூட்டம் வேண்டாம்” என்றார் டாக்டர். “ஒருத்தர் ஒருத்தரா, மாஸ்க் போட்டுக்கிட்டு, கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போனாப் பரவாயில்ல.”

ரூபா அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டாள். பாதுகாப்புக்கு ஒரு அளவு சொன்னால் அதற்கும் கொஞ்சம் உள்ளே நிற்பது அவள் பழக்கம். அன்று மாலையே கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேட் செய்து, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கேட்டில் இறுக்கினாள். மேலே தெலுங்கு, கீழே தமிழ். ‘நோய்த்தொற்று அபாயம். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. மணி அடிக்க வேண்டாம்.’ அம்மாவின் போனையும் எடுத்து வைத்துக்கொண்டாள். வந்த செய்திகளுக்கெல்லாம் ஒரே பதில்: ‘அம்மா ஓய்வில் இருக்கிறார்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள்.’

அம்மாவின் அறை பின்பக்கம். ஜன்னல் சாத்தியிருந்தது. கேட்டில் யார் நின்றாலும் அங்கே கேட்காது.

வீட்டில் தங்கிப் போனவர்கள் பார்க்க வந்தார்கள். முன்னறை ஜன்னல் வழியாக ரூபா பார்த்தாள். வெயிலில் நின்று அட்டையைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்குக் கூட வந்தவர் படித்துச் சொல்வார். கொஞ்ச நேரம் நிற்பார்கள். சிலர் கேட்டின்மேல் கை வைத்துக் கண்ணை மூடுவார்கள். பிறகு போய்விடுவார்கள். முதல் வாரத்தில் மட்டும் பதினான்கு பேர். வைத்துவிட்டுப் போன பழங்களை அவள் கழுவி உள்ளே எடுத்துப்போனாள்.

“பழம் ஏது?” என்றாள் ரத்னம்மா.

“வாங்கினேன்.”

“ஒருத்தரும் வரலியா?”

“வரல.”

அந்த முதல் ‘வரல’ யோசித்துச் சொன்னது. வந்தார்கள் என்று சொன்னால், கூப்பிடு என்பாள். எழுந்து கதவைத் திறக்கக்கூட வருவாள். எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ரூபா நினைத்தாள். ஆனால் முதல் நாள் சொன்ன ‘வரல’வைக் காப்பாற்ற மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வாரம் சொன்னாள்.

“எல்லாருக்கும் அறுப்பு வேல இருக்கும்” என்றாள் ரத்னம்மா முதலில். பிறகு, “பஸ் டிக்கெட்டு ஏத்திட்டாங்களாமே” என்றாள். ஐந்தாவது வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அம்மா சமாதானமாகிவிட்டாள் என்றுதான் ரூபா எடுத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் காய்ச்சல் பார்க்கப் போனபோது ரத்னம்மா விழித்திருந்தாள்.

“ரூபா, கலைவாணிக்குப் போன் போட்டுக் குடு.”

“எதுக்கும்மா?”

கலைவாணியும் சாந்திபுரத்துக்காரி. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தனக்கும், மாமியாருக்கும், புருஷனுக்கும் என்று வந்துபோய்க்கொண்டிருக்கிறவள். ரூபாவுக்கு அவள் சின்னம்மா.

“அவகிட்ட ஒண்ணு சொல்லணும். நீ ஆறு மாசக் கொழந்த. அவ இருமிக்கினே வந்தா. டிபின்னு எனக்கு பயம், உனக்கு ஒட்டிக்குமோன்னு. உள்ள வுடல. கொழாய்கிட்ட குந்த வெச்சு எலையில சோறு போட்டேன். ராத்திரி வராண்டாவுல படுக்க வெச்சேன். மறுநாளு டெஸ்டு பாத்தா டிபியும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் நிமோனியா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஊர்ல பெரிய வூட்டுங்கள்ல நம்ம ஜனத்த வெளிய குந்த வெச்சு எலையிலதான் போடுவாங்க. அதயே நானும் செஞ்சேன் பாரு. அவளும் ஒண்ணும் கேக்கல, நானும் மன்னிப்புக் கேக்கல. எத்தன பேருக்கு சோறு போட்டு இன்னா? அதான் ஒருத்தரும் வர்ல. ஆண்டவரு எனக்குக் காட்டறாரு.”

ரூபாவின் கையில் வெப்பமானி இருந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. அதை நோட்டில் எழுதினாள்.

கலைவாணி அதற்குள் மூன்று முறை கேட் வரைக்கும் வந்து திரும்பியிருந்தாள். ‘அவர்கள் வந்தார்கள், நான்தான் அனுப்பினேன்.’ ஒரே வாக்கியம். அதைச் சொல்லியிருக்கலாம். போன் போட்டால் கலைவாணி எடுத்தவுடன், வந்தேனே அக்கா என்பாள். ரூபா அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. தூங்கு. திங்கக்கிழமை பேசிக்கலாம்.”

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை ஏறியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஞாயிறு காலை ரத்னம்மாவுக்கு நினைவு தப்பியது. புதன்கிழமை இறந்துபோனாள்.

பதினோராம் நாள் நினைவுக் கூட்டம். அதற்கு முந்தின நாள் மதியமே கலைவாணி வந்துவிட்டாள், காய் நறுக்க. கேட்டில் அட்டை இல்லை. அடக்கத்தன்று யாரோ டேக்கை வெட்டி எடுத்திருந்தார்கள். சமையலறையில் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்காயை அரிந்து தண்ணீரில் போட்டுக்கொண்டே பேசினாள்.

“எல்லாரும் அவங்கவங்களையே திட்டிக்கினு கீறாங்க பாப்பா. மணி அடிச்சிருக்கணும், ஒரு வார்த்த கூப்ட்டிருக்கணும்னு. எங்க வூட்டுக்காரரு, ‘ஒரு அட்டைக்கு பயந்துட்டியேடி’ன்னு தெனம் கேக்கறாரு. நான் சொல்றேன், அக்காவுக்குத் தெரியும்யா, நம்ம வந்தது. பாப்பா சொல்லியிருக்கும்னு.”

ரூபா புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லல சின்னம்மா.”

“எதை?”

“நீங்க வந்தத. யாருமே வரலன்னு சொன்னேன். ஏழு வாரமும்.”

கலைவாணியின் கை நின்றது. ரூபா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது. கடைசி வெள்ளிக்கிழமை அம்மா சொன்னதையும் சொன்னாள். குழாயடி, இலை, வராண்டா, போன் கேட்டது, தான் போட்டுத் தராதது.

கலைவாணி தண்ணீரில் கிடந்த கத்தரிக்காயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டாள்.

“அந்த எலைய நான் மறக்கல” என்றாள் பிறகு. “மறந்துட்டேன்னு சொன்னா பொய்யி. ஒவ்வொரு தபாவும் தட்டுல சோறு வெக்கும்போது, இன்னிக்கி அக்கா கேப்பாங்களான்னு பாப்பேன். கேக்க மாட்டாங்க. கொழம்பு மட்டும் ரெண்டு கரண்டி ஜாஸ்தி ஊத்துவாங்க. சரி, அதுதான் மன்னிப்புன்னு வெச்சிக்கினேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா வாயால கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் பாப்பா. நீ போனப் போட்டுக் குடுத்திருக்கலாம்.”

ரூபா தலையை ஆட்டினாள்.

“காய எடு, கறுத்துடும்” என்றாள் கலைவாணி. அன்று மாலை வரை அதற்குமேல் அவளோடு பேசவில்லை.

மறுநாள் வீட்டின் முன் பந்தல் போட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். பாட்டு, வசனம், பிறகு சாட்சி சொல்கிற நேரம். ஒவ்வொருவராக எழுந்து ரத்னம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘ஸ்தோத்திரம்’ என்றது. குப்பத்தில் கிரானைட் பாலிஷ் வேலை பார்த்த கிருஷ்ணப்பா எழுந்தார். மகனின் கால் ஆபரேஷனுக்காக இருபத்தாறு நாள் மூன்றாவது அறையில் இருந்தவர்.

“எனக்கு சொல்ல யோக்கியத இல்ல” என்றார். “அக்காவப் பாக்க வந்து, போர்டப் பாத்து பயந்து திரும்பிப் போனவன் நானு. இருபத்தாறு நாளு அவங்க சோத்த துன்னுட்டு, நோய்க்கு பயந்துட்டேன். ஆண்டவரு என்ன மன்னிக்கணும்.” அழுதார். கூட்டம், “ஸ்தோத்திரம்” என்றது.

ரூபா பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள். அவள் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை. பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். அவள் எழுந்தாள்.

“ஐயா பயந்து போகல. நான்தான் அட்டை கட்டினேன். டாக்டர் ஒருத்தர் ஒருத்தரா வரலாம்னு சொன்னார். நான் அதை யாருக்கும் சொல்லல. அம்மா தினமும், யாராவது வந்தாங்களான்னு கேட்டாங்க. வரலன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் வந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.”

அவள் நிறுத்தினாள். யாரும் ‘ஸ்தோத்திரம்’ சொல்லவில்லை.

கிருஷ்ணப்பா இன்னும் உட்காரவில்லை. “அப்ப அக்கா போகும்போது எங்கள இன்னான்னு நெனச்சாங்க?”

அந்தக் கேள்விக்கு வலிக்காத ஒரு பதில் இருந்தது, அறுப்பு வேலை என்று அம்மா நினைத்துக்கொண்டாள் என்று. அதைத்தான் சொல்ல நினைத்தாள். பதினோரு நாளும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மறந்துட்டீங்கன்னு” என்றாள். “தான் ஏதோ தப்பு செஞ்சதால எல்லாரும் விட்டுட்டீங்கன்னு.”

கிருஷ்ணப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக வெளியே போனார். பாஸ்டர் பாட்டை விட்டுவிட்டு நேராக ஜெபித்து முடித்தார்.

ரூபா செருப்பில்லாமல் அவர் பின்னாலேயே ஓடினாள். தெருமுனையில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, சாப்பிட்டுப் போங்க.”

“பசிக்கல.”

“ஒரு வாய்.”

“வேணாம்மா. எனக்குக் கோவம்னு இல்ல.” அவர் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். “எறங்காது.”

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, “உள்ள ஜனம் ஒக்காந்துக்கினு கீது. போய் கவனி” என்றார்.

அவள் திரும்பி வந்தாள். சிலர் சாப்பிடாமல் போயிருந்தார்கள். மற்றவர்கள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணி சாதக்குண்டானைத் தூக்கி அவள் இடுப்புக்கு நேராகக் கொடுத்தாள். ரூபா முதல் ஆளிலிருந்து போட ஆரம்பித்தாள். ஒவ்வொருவர் முன்னும் குனியும்போது முகத்தைப் பார்த்தாள். சிலர் பார்த்தார்கள். சிலர் தட்டைத்தான் பார்த்தார்கள்.