கஞ்சி குடித்துப் போட்ட பாதை

காலேஜ் பிள்ளையின் மடியில் கிடந்த வாழையிலைப் பொதியை மைனி பிடுங்கிப் பிரித்த அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. என் அண்ணன் பெண்டாட்டியைத்தான் மைனி என்கிறேன். அவள் போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எப்படி எழுதுவது என்று யோசித்தால் அழுகைதான் வருகிறது. அதனால் நினைவு வருகிற மாதிரியே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு வயலுக்கு நடுவே ஒரு மேடு. பஸ் போகிற ரோட்டுக்கு ஒற்றை வரப்புதான் வழி. மழைக்காலத்தில் அதுவும் தண்ணீருக்குள் போய்விடும். நோவு கண்டவர்களைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போவார்கள். என் அம்மா பேறுகாலத்துக்கு அப்படிப் போகும்போதுதான், வயிற்றுப் பிள்ளையோடு, பாதி வயலில் கண்ணை மூடினாள். மைனி முழுகாமல் இருந்தபோது ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்றார்கள். ஐப்பசி என்றால் அடைமழை. மைனி சுவரில் சாத்தியிருந்த அந்தக் கட்டிலை இழுத்துக் கொல்லையில் போட்டாள்.

அந்த வருஷம் கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பு முடிந்ததும் நாகர்கோவிலிலிருந்து பெண்கள் காலேஜ் பிள்ளைகள் சேவை செய்ய வந்தார்கள். வரப்பை அகலப் பாதையாக்கித் தருவதாகச் சொன்னார்கள். வயல்காரரும் சம்மதித்தார். ஆனால் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் அப்புறம் ஒருவரும் மண் தொடக்கூடாது என்றார். வெள்ளைச் சேலையும் மண்வெட்டியுமாக அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மைனி சிரித்தாள்.

“ஏட்டி, இவளுவ மண்ணு வெட்ட வந்தாளுவளா, கல்யாண வீட்டுக்கு வந்தாளுவளா?”

எங்கள் பக்கத்தில், நமக்காக ஒருவர் மண்ணில் இறங்கினால் மத்தியானக் கஞ்சி நம் வீட்டுக் கஞ்சிதான். முதல் சனிக்கிழமை எங்கள் பெண்கள் கஞ்சி காய்ச்சி வைத்துக் காத்திருந்தார்கள். காலேஜ் பிள்ளைகளோ தென்னை நிழலில் உட்கார்ந்து, தாங்கள் கொண்டுவந்த பொதிச்சோற்றைத் தின்றார்கள். எங்களுக்கு அதில் ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்காத சாதிக்காரர்களை எத்தனையோ பார்த்தவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டுச் சித்தி பானையைக் கவிழ்த்தாள்.

“நம்ம கஞ்சி எறங்காதவளுவளுக்க மண்ணு நமக்கு எதுக்கு?”

அடுத்த சனிக்கிழமை எங்கள் பெண்களில் ஒருத்தியும் உதவிக்கு வயலில் இறங்கவில்லை. கை கொப்பளித்துப்போக வெட்டியும் அந்தப் பிள்ளைகளால் பாதி வயலைத் தாண்ட முடியவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் திறப்பதாக ஆள் வந்து சொல்லிப் போனான். மைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த அரைகுறைப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுக்களைக்குப் போனாள்.

எல்லோரும் பார்க்க, அந்த வயிற்றோடு, கஞ்சிப்பானையைச் சுமந்து வயலில் இறங்கினாள். பின்னால் நான் தேங்காய்த் துவையலோடு. காலேஜ் பிள்ளைகளோடு வந்த டீச்சர் பதறிப்போனார். “வேண்டாம்மா, உங்களுக்கே பத்தாது. ஊருக்குப் பாரமா இருக்கக்கூடாதுன்னு நான்தான் இவங்களைச் சோறு கொண்டுவரச் சொன்னேன்.”

விஷயம் அவ்வளவுதானா என்று எனக்கு மூச்சு வந்தது. மைனி விடவில்லை.

“டீச்சரே, எங்க கஞ்சிய குடிக்காம வெட்டுனா அது தர்மமாக்கும். குடிச்சிட்டு வெட்டுனா வேலையாக்கும். எங்களுக்கு தர்மம் வேண்டாம்.”

ஒல்லியாக ஒரு பிள்ளை முன்னால் வந்து, “எக்கா, எனக்கு ஊத்துங்க, உயிரு போற பசி” என்று பிலாவிலையைக் கரண்டியாகக் கோட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மடியில் கிடந்த பொதியைத்தான் மைனி பிடுங்கினாள். பிரித்து ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

“அய்யே, உப்பே இல்லியே மக்கா! இத தின்னுட்டா மண்ணு வெட்டுக?”

கரையில் நின்ற சித்திதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியும் வந்துவிட்டாள். “வயித்துப் பிள்ளைக்காரி, நீ அங்கின போயி இரி. நாங்க வெட்டுகோம்.” அதன்பின் எங்கள் குடியில் வீட்டுக்குள் இருந்த பெண் யார்? காலேஜ் பிள்ளைகள் லீவு சொல்லிவிட்டுத் தினமும் வந்தார்கள். தண்ணீர் வந்த அன்று பாதை அதற்கு மேலே தலைநிமிர்ந்து கிடந்தது. நாங்கள் குரவை போட்டோம். டீச்சருக்கும் குரவை போடச் சொல்லிக்கொடுத்தோம். அவருக்கு இருமல்தான் வந்தது.

ஐப்பசியில் நல்ல மழை நேரத்தில் மைனிக்கு வலி கண்டது. ஆண்கள் பழக்கத்தில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “எனக்க காலு என்ன ஒடிஞ்சா கெடக்கு?” என்று விரட்டினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் அலையடிக்க, நடந்தாள். பாதி வயலில் நின்று மூச்சு வாங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். “மாமிக்க எடத்தத் தாண்டியாச்சு மக்கா, வா.” நெய்யூர் ஆஸ்பத்திரியில் என் மருமகன் பிறந்தான்.

இந்த வருஷம் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. சுடுகாடு பஸ் ரோட்டுக்கு அப்பால். எங்களில் பெண்கள் குடி எல்லையோடு நின்றுவிட வேண்டும். பாடை பாதையில் இறங்கியதும் ஊர்ப் பெரியவர் திரும்பி, “பொம்பளையளு நில்லுங்க” என்றார். சித்தி நிற்கவில்லை.

“நீரு முன்னால போம் ஓய். இது நாங்க வெட்டுன பாதையாக்கும்.”

அவர் திரும்பி முன்னால் நடந்தார். மைனியின் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் இறங்கினேன். பழைய வரப்பாக இருந்திருந்தால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் போயிருப்போம். நாங்கள் கைகோத்துக்கொண்டு போனோம்.