பிரேக் பிடிக்காத சைக்கிள்கள்

உலகத்தில் மலை என்று ஒன்று உண்டானதே என் சித்தி சைக்கிளில் இறங்குவதற்காகத்தான். சும்மா அடித்துவிடவில்லை. ஊரில் யார் வீட்டுக் குழாயைத் திறந்தாலும் கொட்டுகிற தண்ணீர், சித்தியின் சைக்கிளைத் துரத்தி வந்து தோற்றுப்போன தண்ணீர். காற்றுக்கு வேகம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அதற்கு முன்னால் காற்று நடந்துதான் போய்க்கொண்டிருந்தது.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் கூடத்தான் இருக்கிறாள். தண்ணீர் ஆபீசில் குழாய் பார்க்கிற வேலை. அணையிலிருந்து ஒரு பெரிய இரும்புக் குழாய் மலை ஏறி மறுபக்கம் இறங்கி ஊருக்கு வருகிறது. அதன் ஓரமாகவே ஒற்றையடிப் பாதை. கல், வேர், மணல். ஜீப் நுழையாது. தடித்த டயர் போட்ட மலை சைக்கிள்தான் ஒரே வழி. அங்கங்கே சிமெண்டுத் தொட்டிக்குள் வால்வுகள் இருக்கும். சித்தி மூடியைத் தூக்கி, ஸ்பானரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பாள். உஸ்ஸென்றால் கசிவு. கொடகொடவென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. வால்வைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியே விடுவாள். ஆபீசில் அவள் பெயரே வால்வக்கா. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது ஆரம்பித்தால், "நான் காது குடுத்துக் கேக்குறது அந்தக் குழாய் ஒண்ணத்தான், நீ கெளம்பு" என்பாள்.

முதலில் டம்ளர்தான் கீழே விழுந்தது. "இந்த எவர்சில்வரே வழுக்குது" என்றாள் சித்தி. அம்மா பிடி வைத்த கப் வாங்கி வந்தாள். பிறகு சட்டைப் பொத்தான். "தையக்காரன் ஓட்டையைச் சின்னதா வச்சிருக்கான்" என்றாள். ஜிப் வைத்த சட்டை வந்தது. பிறகு பூட்டு மாறியது, சீப்பு மாறியது, மருந்து டப்பா மூடியைத் திறந்தே வைத்தோம். வீட்டில் ஒவ்வொரு சாமானாகக் குற்றவாளி ஆகிக்கொண்டு வந்தது. சித்தியின் கை மட்டும் நிரபராதி.

ஒருநாள் முழங்கையெல்லாம் முள் கிழித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பிரேக் பிடிக்கலக்கா. வளைவுல நேரா புதருக்குள்ள போயிட்டேன். வண்டி செத்துப்போச்சு. இத்தன வருஷம் ஓடுனதே பெருசு."

அம்மா மஞ்சள் மருந்தைத் தடவினாள். "புதுசா ஒண்ணு பாத்துடலாம். நல்லா உழைக்கிறதா."

வண்டி பழசுதான். பெயிண்ட் உரிந்து, முன் ஸ்பிரிங்கில் எண்ணெய் கசிந்து, சீட்டுக்கடியில் வெல்டிங் தழும்பு. பிரேக் கட்டை மட்டும் போன மாதம் நானே மாற்றியது. அவள் குளிக்கப் போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு தெரு மேட்டுக்குப் போனேன். முழு வேகத்தில் இறங்கி இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி நின்றது. நான்தான் நிற்கவில்லை. ஹேண்டிலைத் தாண்டிப் பறந்து குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தெருவே சிரித்தது. நான் எழுந்து வந்து பிரேக் லீவரை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். கட்டை சக்கரத்தைக் கவ்வியது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாவதை இரண்டாம் தடவை எழுதுகிறவள் பேச்சை யார் கேட்பார்கள் என்பது ஒரு சாக்கு. மலைக்குப் போகாவிட்டால் சித்தியை ஆபீஸ் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். காதுக்குப் பக்கத்தில் குழாய் இல்லாத சித்தியை எனக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. அதுதான் நிஜக் காரணம்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். நானும் சித்தியும்தான். கடைக்காரர் இடுப்பில் துணி செருகிக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாகத் தட்டித் தட்டிக் காட்டினார். அலுமினியத்தில் ஒன்று.

"வெயிட்டே இருக்காதுக்கா. ஒத்தக் கையில தூக்கலாம்."

"வெரிசல் விட்டா எவன் வெல்டு பண்ணுவான்? எனக்கு இரும்பு காட்டுங்க."

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் காட்டினார். சித்தி குனிந்து பார்த்தாள். "பின்னாடி இத்தன ஜாயிண்ட்டு. எங்க மணலுக்கு ஒரு மழ தாங்காது. முன்னாடி மட்டும் இருந்தாப் போதும். பேரிங்கு மூடுனதா, தொறந்ததா? தண்ணில எறங்குவேன் நான்."

அவள் கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரருக்கும் பிடித்துப்போய்விட்டது. உள்ளேயிருந்து கறுப்பில் ஒரு இரும்பு வண்டியைத் தள்ளி வந்தார்.

"இத எடுத்துக்குங்க. உங்க காலத்துக்கு அப்புறமும் ஓடும்."

அவர் வாடிக்கையாகச் சொல்கிற வியாபாரப் பேச்சுதான். சித்தியும் சிரித்தாள். நான் மட்டும் டயர்களை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் லாரியிலிருந்து சாமான் இறக்கும் சரிவு ஒன்று. கீழே சுவரோரமாகப் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். சித்தி கறுப்பு வண்டியில் இறங்கினாள். இறங்கினாள், இறங்கிக்கொண்டே இருந்தாள், டயர்மேல் போய் மோதி நின்றாள்.

"கேபிள் பிரேக்கு. இழுவ பத்தல."

கடைக்காரர் ஆயில் பிரேக் வண்டியைக் கொடுத்தார். "இது ஒத்த வெரலுக்கே நிக்கும்கா. பூனை மிதிச்சா நிக்கும்."

இந்த முறை நான் சரிவின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சித்தியின் விரல்கள் லீவர்மேல் இருந்தன. வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி சும்மா கிடந்தன. டயர் அடுக்கு மறுபடியும் குலுங்கியது.

"இதுவும் சரியில்ல" என்றாள். மூன்றாவதும் சரியில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நாலாவது ஒண்ணு இருக்கு, காத்து அடிச்சுத் தரேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அதைத் தள்ளி வந்து எங்களிடம் நிறுத்திவிட்டு பம்பு எடுக்க உள்ளே போனார். சித்தி முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

யாரையாவது ஏமாற்றாமல் எனக்கு ஒரு வாரம் போனதில்லை. சித்தியின் ஹெல்மெட்டில் தவளை வைத்தவள் நான். ஆனால் இவ்வளவு அவசரமாக எதையும் செய்ததில்லை. லீவர் ஓரத்துத் திருகுகள் இரண்டையும் உள்பக்கமாகத் திருகிக் கேபிளைத் தொளதொளவென்று ஆக்கினேன். சித்தி பிடித்துப் பார்ப்பாள், பிரேக் இருக்காது. "என்னண்ணே, கடையே இப்படியா?" என்று நான் கத்துவேன். இந்த ஒரு வண்டியிலாவது சித்தி சொன்னது நிஜமாகிவிடும். தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவோம். இவ்வளவுதான் என் திட்டம்.

சித்தி வந்து, நின்றபடியே ஹேண்டிலைப் பிடித்தாள். லீவரை அழுத்தினாள்.

விரல்கள் மடங்கின. முழுசாக மடங்கி உள்ளங்கையைத் தொட்டன. இரண்டு கையும்.

சித்தி அப்படியே நின்றாள். கையைத் திறந்து மறுபடி மூடினாள். மறுபடி மூடியது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அந்தத் திருகு வேலையை நான் எந்த ஜென்மத்திலும் செய்திருக்கக் கூடாது. "ஏய்" என்றாள் மெதுவாக. "ஏய், இங்க பாருடி." குரலில் சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

தொளதொளத்த லீவரை மடக்கப் பலமே வேண்டாம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

லீவரைப் பிடித்தபடியே வண்டியை ஓரடி முன்னால் தள்ளினாள், நிற்கிறதா என்று பார்க்க. சக்கரம் சும்மா உருண்டது. இன்னும் ஓரடி. உருண்டது. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். குனிந்து கேபிளைத் தொட்டாள். அது ஆடியது.

ஸ்டாண்டைக் காலால் இறக்கி வண்டியை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

"எப்பத்துலருந்துடி தெரியும் உனக்கு?"

"என்னது சித்தி? கடைக்காரரு சரியா மாட்டல போல. ரெண்டுமே லூசு. வா, வேற கடை பாக்கலாம்."

"அவரு மாட்டாததில்ல." வலது கையை இடது கையால் பிடித்து ஜிப் சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் திரும்பினாள். "மத்த மூணுலயும் பிரேக்கு நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சவதான்டி இதக் கெடுப்பா."